கிணற்றுக் கணக்கை ஊர்ச் சுவரில் எழுதுவோம்



பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். நம் பக்கத்து விவசாயத்தைப் பற்றியது. கடற்கரையோரம் நிலம் வைத்திருப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சில மாதங்களாக ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வருகிறது. "டீச்சர், வயலில் சென்சார் வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா?" கேட்டவர்களில் ஒருவர் கூவத்தூர் பக்கம் வேர்க்கடலையும் தர்பூசணியும் போடுகிற என் அண்ணன் மகன். இன்னொருவர் சிறுசேரியில் மென்பொருள் வேலையில் இருக்கும் பழைய மாணவர். அப்பாவின் ஒன்றரை ஏக்கருக்குத் தானே ஒரு கருவி செய்து கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என் பதில் இதுதான்: வைக்கலாம். ஆனால் உங்கள் வயலில் வைப்பதற்கு முன்னால் ஊர்க் கிணற்றில் வையுங்கள். அதில் வரும் எண்ணை உங்கள் செல்போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஊர்ச் சுவரில் எழுதுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். மண்ணில் ஒரு குச்சியைப் புதைக்கிறார்கள். ஈரமான மண்ணும் காய்ந்த மண்ணும் மின்சாரத்துக்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அந்த வேறுபாட்டைக் குச்சி எண்ணாக மாற்றுகிறது. மேலே ஒரு சிறு பெட்டி, ஒரு சோலார் தகடு, உள்ளே ஒரு சிம் கார்டு. எண் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய், "நாளை காலை தண்ணீர் விடவும்" என்று உங்கள் செல்போனுக்குச் செய்தியாகத் திரும்பி வருகிறது. வேண்டுமானால் மோட்டாரையே போடும், நிறுத்தும். இவ்வளவுதான் விஷயம், மந்திரம் எதுவும் இல்லை.

இதனால் பயன் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். மும்முனை கரண்ட் நடுராத்திரியில் வரும் காலத்தில், டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வரப்பு வழியே மோட்டார் கொட்டகைக்குப் போனவர்கள் எத்தனை பேர்! பாம்பு கடித்தும் ஷாக் அடித்தும் உயிரிழந்தவர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. படுக்கையில் இருந்தபடியே செல்போனில் மோட்டாரைப் போடும் கருவி அந்த ஆபத்தைக் குறைத்தது. அதற்கு நம் மாநில அரசின் வேளாண் பொறியியல் துறையும் மானியம் தருகிறது. மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் திராட்சை போடுகிறவர்கள் சென்சாரை விரும்பி வைக்கிறார்கள். சொட்டுநீர் போட்ட, விலை கூடுதலாகக் கிடைக்கிற தோட்டப் பயிர் என்பதால் போட்ட பணத்தை எடுத்துவிட முடிகிறது.

நம் நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் அதே கணக்கு பொருந்துமா என்பது வேறு கேள்வி. குறைந்த செலவில் அதே வேலையைச் செய்யும் இரண்டு பொருள்களைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, துளையிட்ட பிளாஸ்டிக் குழாய். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை. நம் வேளாண் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது. ஓரடிக்குக் குறையாத குழாயில் சுற்றிலும் துளை போட்டு, நெல் வயலில் பாதிக்கு மேல் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை பாசன நீர் மிச்சம் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. செலவு ஒரு துண்டு பைப்.

இரண்டு, கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரப்பதம் காட்டும் கருவி. கையில் பிடித்து மண்ணில் குத்தினால் விளக்கு எரியும். நீலம் எரிந்தால் ஈரம் ஏராளம். பச்சை என்றால் இப்போதைக்குத் தண்ணீர் வேண்டாம். ஆரஞ்சு என்றால் பாய்ச்சலாம். சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும். சிம் கார்டு வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பயன்படுத்தலாம். படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவர்கள் இதைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள்.

ஆகவே தன் வயலின் ஈரத்தை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு நான் முதலில் விலை உயர்ந்த சென்சாரைச் சொல்ல மாட்டேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், புதுப்பட்டினம், கூவத்தூர், செய்யூர் வரை உள்ள கடற்கரை ஊர்களில் வயலின் ஈரத்தைவிடப் பெரிய கவலை கிணற்றில் ஏறும் உப்பு. வரப்பு போட்டு நிலத்தைப் பிரிக்கலாம். நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீருக்கு வரப்பு கிடையாது.

வகுப்பில் செய்து காட்டுகிற மாதிரி ஒன்று சொல்கிறேன், வீட்டில் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி அளவு உப்புக் கரைசலை ஊற்றி அதில் சிறிது நீல மை கலந்துகொள்ளுங்கள். அதன்மேல் ஒரு ஸ்பூனின் முதுகில் படுமாறு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நல்ல தண்ணீர் லேசானது, மேலேயே நிற்கும். இப்போது ஸ்ட்ரா வைத்து மேல் தண்ணீரை உறிஞ்சுங்கள். உறிஞ்ச உறிஞ்ச, ஸ்ட்ராவின் வாய்க்கும் நீலத் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் நல்ல தண்ணீர் மெலிந்துகொண்டே வரும். கொஞ்ச நேரத்தில் வாயில் உப்புக் கரிக்கும்.

நம் கடற்கரை மணலுக்கு அடியில் நடப்பதும் இதுதான். நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு டச்சுக்காரரும் ஒரு ஜெர்மானியரும் தனித்தனியாக இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார்கள். கடல்நீர் நல்ல தண்ணீரைவிட 40இல் ஒரு பங்கு கனமானது. ஆகவே நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். அதே கணக்குப்படி, மேலே ஓரடி நிரந்தரமாக இறங்கினால், கீழே உப்பு 40 அடி ஏறி வரும். "போன வருஷத்தைவிட ஓரடிதானே இறங்கியிருக்கிறது" என்று நாம் அலட்சியமாகச் சொல்லக்கூடாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் ஆலைகளுக்கும் நகரத்துக்கும் அளவில்லாமல் இறைத்ததால் கடல்நீர் உள்நாட்டுக்குள் கிலோமீட்டர் கணக்கில் புகுந்த வரலாறு நமக்குப் பாடமாக இருக்கிறது.

இன்னொரு சின்னக் கணக்கு. கேன் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் சோதிக்க வீட்டில் டிடிஎஸ் மீட்டர் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? கடல்நீரில் அந்த எண் சுமார் 35,000. உங்கள் கிணற்றில் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 குடம் கிணற்று நீரில் 5 குடம் கடல்நீர் கலந்தால் எண் 2,000ஐத் தாண்டிவிடும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு பாசன நீருக்குச் சொல்லும் அளவு என்ன தெரியுமா? 450க்குள் இருந்தால் கவலை இல்லை. 450 முதல் 2,000 வரை கவனம் தேவை. அதற்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்குக் கடும் கட்டுப்பாடு. அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு கடல் கலந்தாலே கிணறு போச்சு. முதலில் வேர்க்கடலை காய் பிடிக்காது, பிறகு நெல் பதராகும். கடைசியில் சவுக்கு மட்டும் நிற்கும். அதற்குப் பிறகு என்ன வரும் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனைப்பிரிவுக் கல் வரும். கெட்ட கிணறு திரும்பவும் இனிக்க வேண்டுமானால் இறைப்பதைக் குறைத்துப் பல ஆண்டு நல்ல மழைக்குக் காத்திருக்க வேண்டும். கடன் வாங்கிப் பயிர் வைத்தவரால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியுமா?

இந்த இடத்தில்தான் தனியார் வயல் சென்சாரின் போதாமை தெரிகிறது. என் அண்ணன் மகன் சென்சார் வைத்து முப்பது சதவீதம் தண்ணீரை மிச்சப்படுத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். மிச்சப்பட்ட தண்ணீர் எங்கே போகும்? அவன் கிணற்றில் அவனுக்காகக் காத்துக்கொண்டிருக்காது. பக்கத்து நிலத்துக்காரர் போரில் ஏறிவிடும். அல்லது "தண்ணீர்தான் இருக்கிறதே" என்று அவனே இன்னொரு அரை ஏக்கரில் தர்பூசணி போடுவான். விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். ஏழை விவசாயிக்கு அது வேண்டும், நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் இறைக்கிற தண்ணீருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை என்பதும் உண்மைதானே?

ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தபோது என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் விவசாயிக்கு நல்லது செய்ய வந்த கருவிதான். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும் என்று சுவிட்சை ஆட்டோவில் போட்டுவிட்டு எல்லோரும் தூங்கப் போனார்கள். வயல் நிரம்பி வரப்பு வழிந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடினாலும் மோட்டார் நிற்பதில்லை. கருவி கெட்டதல்ல. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வசதி செய்து கொடுக்கும் கருவி, பொதுவாக இருக்கும் தண்ணீரைக் காப்பாற்றாது.

அப்படியானால் எது காப்பாற்றும்? எல்லோர் கண்ணிலும் படுகிற கணக்கு காப்பாற்றும். நம் நாட்டிலேயே உதாரணங்கள் இருக்கின்றன.

ஆந்திரத்தில் 2003 வாக்கில் தொடங்கிச் சில ஆண்டுகள் ஒரு திட்டம் நடந்தது. ஏழு வறட்சி மாவட்டங்களில் 600க்கும் மேற்பட்ட ஊர்கள். உணவு வேளாண்மை அமைப்பு துணை நின்றது. விவசாயிகளே, பெண்கள் உட்பட, குறிப்பிட்ட கிணறுகளில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீர்மட்டம் அளந்தார்கள். மழையையும் அளந்தார்கள். எண்களை ஊரில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைத்தார்கள். பயிர் வைப்பதற்கு முன் கூடி உட்கார்ந்து, "இவ்வளவு தண்ணீர் இருக்கிறது, நாம் போட நினைக்கும் பயிருக்கு இவ்வளவு வேண்டும்" என்று வீட்டு வரவு செலவு போலக் கணக்குப் போட்டார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை, அபராதமும் இல்லை. எண்ணைப் பார்த்த பிறகு பலர் தாங்களாகவே நெல்லைக் குறைத்துத் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறினார்கள். மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் என்ற ஊரில் ஒவ்வோர் ஆண்டும் மழை முடிந்ததும் தண்ணீர்க் கணக்கு எடுத்து, அந்த ஆண்டு என்ன பயிர் வைக்கலாம் என்று கிராம சபையில் முடிவு செய்கிறார்கள். மத்திய அரசு 2019 டிசம்பரில் தொடங்கிய அடல் பூஜல் திட்டமும் இந்த வழியில் வந்ததுதான். ஆனால் அது எடுத்துக்கொண்ட ஏழு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. அதற்காக நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா?

நம் கடற்கரைக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று சொல்கிறேன். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி ஊர்களில் 1998 முதல் அறிவு மையங்களை நடத்தியது. வீராம்பட்டினத்தில் அலை உயரம் பற்றிய தகவலை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த ஓரிருவருக்கு மட்டும் அந்தச் செய்தி போயிருந்தால் ஊருக்கு என்ன பயன்? அதே மையங்களில் ஒன்று நல்லவாடு. 2004 சுனாமி அன்று அந்த ஊரின் ஒலிபெருக்கிதான் மக்களை ஓடச் சொன்னது.

இது நமக்குப் புதிதும் அல்ல. உத்திரமேரூர் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒன்று உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏரியைப் பார்த்துக்கொள்ளக் குடவோலையில் ஆள் எடுத்தார்கள். ஏரித் தண்ணீரை எல்லோரும் கண்ணால் பார்க்கலாம். கலங்கலில் எத்தனை கல் தெரிகிறது, மதகு எத்தனை நாள் திறந்திருக்கும் என்று ஊருக்கே தெரியும். அதனால் சண்டை வந்தாலும் பேசித் தீர்க்க முடிந்தது. ஏரியை விட்டுவிட்டு ஆளுக்கொரு போர் போட்டபோது, தண்ணீர் நம் கண்ணை விட்டு மறைந்துபோயிற்று. மறைந்த அந்தத் தண்ணீரை மறுபடி ஊர் பார்க்கும்படி செய்ய சென்சாரால் முடியும். நான் அதை ஆதரிப்பதற்கு இதுதான் காரணம்.

என்ன செய்யலாம்? என் யோசனையைச் சொல்கிறேன்.

முதல் ஆறு மாதம் எந்தச் சென்சாரும் வாங்க வேண்டாம். ஊரில் ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள்: கடலுக்குப் பக்கத்தில் இரண்டு, நடுவில் இரண்டு, ஏரிப் பக்கம் ஒன்று. மாதம் 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும், காலையில் மோட்டார் போடுவதற்கு முன், அடிக்கணக்கு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பாருங்கள். டிடிஎஸ் மீட்டரால் உப்பு பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரு பெரியவர் துணையோடு செய்யக்கூடிய வேலை. கிணற்றின் பெயர், தேதி, ஆழம், உப்பு என்று நான்கு கட்டம். பால் சொசைட்டியிலோ ரேஷன் கடையிலோ சுவரில் கரும்பலகை போட்டு எழுதுங்கள்.

அதற்குப் பிறகு சென்சார் வரட்டும். அதற்கென்று வேலை இருக்கிறது. போர்வெல்லில் குழாயும் கேபிளும் இருப்பதால் கயிறு இறக்க முடியாது. ராத்திரியில் பத்து மோட்டார் ஒரே நேரத்தில் ஓடும்போது மட்டம் எவ்வளவு இறங்குகிறது, சித்திரை வைகாசியில் எந்த வாரத்தில் உப்பு திடீரென்று ஏறுகிறது என்பதைக் கயிறு சொல்லாது. ஊருக்கு மூன்று சென்சார் போதும். ஊர் சேர்ந்து வாங்க வேண்டும். எண் தானாக வாட்ஸ்ஆப் குழுவுக்கு வரட்டும், சுவரிலும் எழுதப்படட்டும்.

விற்க வருகிறவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இரண்டாம் ஆண்டு முதல் மாதக் கட்டணம் எவ்வளவு? உப்புக்காற்றில் துருப்பிடித்தால் மாற்றித் தருவது யார்? 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது, அந்த மாதிரிக் காற்றுக்குக் கம்பம் நிற்குமா? கடைசியாக, எங்கள் எண் யாருக்குச் சொந்தம்? அமெரிக்காவில் கொலராடோ மாநில விவசாயிகள் தங்கள் இயந்திரத்தைத் தாங்களே பழுதுபார்க்கும் உரிமைக்கு 2023இல் ஒரு சட்டமே வாங்க வேண்டியிருந்தது. நம் ஊர் மெக்கானிக் திறந்து பார்க்க முடியாத பெட்டியை வாங்காதீர்கள்.

மறுப்புகளும் வரும். "எங்கள் கிணற்றில் உப்பு என்று சுவரில் எழுதினால் நிலத்தின் விலை விழுந்துவிடும்" என்று ஒருவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். நியாயமான பயம்தான். ஆனால் மனை வாங்க வருகிறவர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்காமலா பணம் கொடுக்கிறார்? நாம் மட்டும் தெரியாதது போல இருப்பதில் என்ன லாபம்?

"விவசாயி மட்டும்தானா இறைக்கிறான்? டேங்கர் லாரியும் ரிசார்ட்டும் இறைக்கவில்லையா?" என்பது இன்னொரு மறுப்பு. இறைக்கிறார்கள்தான். அதனால்தான் கணக்கு வேண்டும் என்கிறேன். இன்று நாம் ஒரு புகார் கொடுத்தால், "தண்ணீர் குறைந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள். இரண்டு ஆண்டு எண்கள் கையில் இருந்தால் பேச்சே வேறு. நெம்மேலியில் கடல்நீரை நல்ல தண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்பப் பெரும் பணம் செலவாகிறது. வாயலூரில் பாலாற்றின் குறுக்கே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, அதே கரையில் நல்ல தண்ணீர்க் கிணறுகளை உப்பாக விடுவது புத்திசாலித்தனமா என்று அதிகாரிகளிடம் எண்ணைக் காட்டிக் கேட்கலாம்.

"பார்த்தால் மட்டும் குறைத்துவிடுவார்களா?" என்றும் கேட்கலாம். எல்லோரும் குறைக்க மாட்டார்கள். ஆனால் நவரைக்கு முன் சுவரில் எண்ணைப் பார்த்து, நாலு பேர் நெல்லுக்குப் பதிலாக உளுந்து போட்டாலே அந்தக் கோடைக்கு ஊர் தப்பிக்கலாம்.

கடைசியாக, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை தருகிறேன். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மாணவர்களே, அப்பா வயலுக்குச் செய்ய நினைத்த கருவியை ஊர்க் கிணற்றுக்குச் செய்யுங்கள். ஆழமும் உப்பும் காட்டினால் போதும், செய்தி தமிழில் வர வேண்டும். ஆசிரியர்களாக இருக்கும் மாணவர்களே, கிணறு அளப்பதை அறிவியல் பாடத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்களே, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அன்று இந்தக் கணக்கை ஒரு தீர்மானமாக வையுங்கள். கூவத்தூரில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கு: சென்சார் கம்பெனிக்கு முன்பணம் கட்டாதே, முதலில் அந்த மீட்டரைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டு எண் என்ன என்று எழுது.

மற்றவர்களும் உங்கள் ஊர், கிணறு கடலிலிருந்து எவ்வளவு தூரம், டிடிஎஸ் எவ்வளவு என்ற மூன்றையும் கீழே கமெண்டில் எழுதுங்கள். யாருடைய பெயரும் சர்வே எண்ணும் வேண்டாம். வரும் எண்களை நான் நோட்டில் ஊர்வாரியாக எழுதி, அடுத்த மாதம் இங்கேயே போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்